பல் உதவியாளர் பயிற்சிநெறியைப் பொறுப்பேற்கிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக்கான ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பல் உதவியாளர் பயிற்சிநெறி தொடங்கப்போகிறது, அதன் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பல் வைத்தியராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம், ஆண்டுக்கணக்காகக் கிளினிக்கில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று பழகியவராகவும் இருக்கலாம். பொதுவாக நடப்பது என்னவென்றால், முதலில் விளம்பரம் போடுவார்கள், பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், பிறகு ஆசிரியரைத் தேடுவார்கள், கடைசியாகப் பயிற்சிக்கு அனுப்பக் கிளினிக் தேடுவார்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து தலைகீழாக்குங்கள். பிள்ளைகள் நின்று பழகப் பல் கதிரைகள் எங்கே இருக்கின்றன என்பது உறுதியான பிறகுதான் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற கணக்கே வரும்.

முதலில் கிளினிக்குகளுக்குப் போங்கள்

மட்டக்களப்பு நகரம், கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கொழும்பு நெடுஞ்சாலையை ஒட்டியே பெரும்பாலான தனியார் பல் கிளினிக்குகள் இருக்கின்றன. ஒரு பட்டியல் போட்டு நேரில் போய்ப் பேசுங்கள். தொலைபேசியில் பேசினால் எல்லாரும் "சரி, பிள்ளைகளை அனுப்புங்க" என்று சொல்லிவிடுவார்கள். நேரில் போனால்தான் அந்த இடத்தில் ஓட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவிச் சூட்டில் கிருமிநீக்கும் இயந்திரம், வேலை செய்கிறதா, உதவியாளருக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று தெரியும்.

டொக்டர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இப்போது உங்களிடம் இருக்கிற உதவியாளர் எந்த இடத்தில் தடுமாறுகிறார்? ஒரு நேரத்தில் எத்தனை பயிலுனரைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியும்? இரண்டாவது கேள்விக்கு "ஒருவர்" என்று சொல்கிறவரை நம்புங்கள். "நாலைந்து பேரை அனுப்புங்க" என்று சொல்கிற இடத்தில் பிள்ளைகள் நோயாளிகளின் சீட்டு எழுதவும் தரை துடைக்கவும்தான் பழகுவார்கள்.

அமெரிக்காவில் பல் உதவியாளர் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆணைக்குழு குறைந்தது 900 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதில் 300 மணி நேரம் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. அந்தப் பயிற்சியில் ஆறு பேருக்கு மேல் ஓர் ஆசிரியர் பார்க்கக் கூடாது. அது நம் சட்டமில்லை. ஆனாலும் ஓர் அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளலாம். 300 மணி நேரத்தை உங்களுக்குக் கிடைத்த கதிரைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஓர் அணியில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று தானாகவே தெரிந்துவிடும். எட்டுப் பேர் என்று வந்தால் எட்டுப் பேரையே சேருங்கள். நிர்வாகம் இருபது கேட்கும். நீங்கள் கொடுக்கக் கூடாது.

கடதாசி வேலைகள்

இதை நீட்ட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இலங்கையில் தொழிற்பயிற்சி கொடுக்கும் எந்த நிறுவனமும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனப் பதிவு ஒன்று, பயிற்சிநெறிக்கான அங்கீகாரம் வேறொன்று. இரண்டாவது இருந்தால்தான் பிள்ளைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது நாம் என்.வி.கியூ. என்று சொல்வது, கிடைக்கும். நடைமுறையில் இருக்கிற தகுதித் தரத்தின் நகலை ஆணைக்குழுவிடமிருந்து வாங்கி, உங்கள் பாடத்திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். வேறொரு கல்லூரியின் பாடத்திட்டத்தை நகல் எடுத்துத் தொடங்க வேண்டாம்.

பிள்ளைகளை அனுப்பும் தனியார் கிளினிக்குகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்தவையா என்று பாருங்கள். எக்ஸ்ரே இயந்திரம் இருக்கும் இடமென்றால் அதற்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அங்கே நிற்கப்போவது உங்கள் பிள்ளைகள்.

நேர்முகத்தில் சொல்ல வேண்டியது

பெற்றோர்களும் பிள்ளைகளும் இந்தப் படிப்பை முடித்தால் "சின்ன டொக்டர்" ஆகலாம் என்று நினைத்து வருவார்கள். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பல் உதவியாளர் பல் பிடுங்குவதில்லை, அடைப்பதில்லை, விறைப்பூசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை. பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் செய்கிற அரசாங்கப் பல் சிகிச்சையாளர்கள் மகரகமவில் பயிற்சி பெறுகிறவர்கள். அது வேறு படிப்பு, வேறு உத்தியோகம். நம் பிள்ளையின் வேலை டொக்டரின் இரண்டாவது சோடிக் கைகளாக இருப்பது, கருவிகளைச் சுத்தமாக வைத்திருப்பது, நோயாளியின் பயத்தைக் குறைப்பது. இது சின்ன வேலை இல்லை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். இல்லாத ஒன்றைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தால், அந்த ஏமாற்றம் இரண்டாம் மாதத்தில் வருகைப் பதிவேட்டில் தெரியும்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு தட்டில் பத்துப் பொருட்களை அடுக்கிக் காட்டுங்கள், கலைத்துவிட்டு அதேபோல அடுக்கச் சொல்லுங்கள். யார் நிதானமாகப் பார்த்து அடுக்குகிறார், யார் பக்கத்தில் இருப்பவருக்கு உதவுகிறார் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதிவு நாளிலேயே தடுப்பூசிக் கணக்கு

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஆறு மாதப் பயிற்சியில் மூன்றாவது மாதம்தான் இதைப் பற்றி யோசித்தீர்கள் என்றால், பிள்ளை பாதுகாப்பு முழுமையாகாமலே இரத்தத்தோடு வேலை செய்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போய்விடும். அதனால் சேர்க்கை நாளிலேயே தொடங்குங்கள்.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2003இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகச் சேர்க்கப்பட்டது. எனவே இப்போது வரும் இளம் பிள்ளைகளில் பலர் குழந்தையிலேயே போட்டிருப்பார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொஞ்சம் வயது கூடியவர்கள், வெள்ளத்திலோ இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ அந்தப் பதிவேட்டைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே நிறைய உண்டு. அப்படியானவர்களை வைத்தியரிடம் அனுப்பி, எதிர்ப்புச் சக்தியை இரத்தத்தில் பார்த்து, தேவையானதைப் போடச் செய்யுங்கள். இந்தச் செலவைப் பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே வையுங்கள். தனியாகக் கேட்டால் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் அதைத் தவிர்க்கும்.

கிருமிநீக்கும் அறை

கல்லூரியிடம் பணம் குறைவாக இருந்தால், புதுப் பல் கதிரையைப் பிறகு வாங்கலாம். முதலில் கிருமிநீக்கும் அறையைச் சரியாகக் கட்டுங்கள். சின்ன அறை போதும், ஆனால் வேலை ஒரே திசையில் நகர வேண்டும். ஒரு பக்கம் அழுக்குக் கருவி உள்ளே வரும். கழுவும் தொட்டி, உலர்த்தும் இடம், பொதி செய்யும் மேசை, ஓட்டோகிளேவ், சுத்தமான அலுமாரி என்று வரிசையாகப் போய் மறுபக்கம் வெளியே வர வேண்டும். அழுக்குத் தட்டும் சுத்தத் தட்டும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. தரையில் ஒரு நிற நாடா ஒட்டிவிடுங்கள். அதைத் தாண்டிச் சுத்தப் பக்கம் போகிறவர் கையுறையைக் கழற்றிக் கை கழுவியிருக்க வேண்டும்.

நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை ஓட்டோகிளேவுக்குள் ஊற்றினால் சில மாதத்தில் உள்ளே வெள்ளைப் படிவு பிடித்துக் குழாய் அடைத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். அதற்கு மாதச் செலவில் ஒரு தனி வரி போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது "இண்டைக்கு மட்டும்" என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள்.

சூடும் நேரமும் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம், 134 பாகையில் 3 நிமிடம் என்பது வழக்கமாகச் சொல்லும் குறைந்தபட்சம். அந்த நேரம் சூடு ஏறி முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. சுவிட்சைப் போட்டதிலிருந்து எண்ணக் கூடாது. பொதி சுற்றிய கருவிகளுக்கும், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்காத சாதாரண வகை இயந்திரங்களுக்கும் கூடுதல் நேரம் வேண்டும். உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. சுழற்சி நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சுமை முழுவதும் திரும்ப முதலிலிருந்து.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். ஓட்டோகிளேவிலிருந்து எடுத்த பொதி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, "இதை நோயாளிக்குத் திறப்பீர்களா?" என்று கேளுங்கள். பொதியில் ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்திருக்கும். எல்லாரும் ஓம் என்பார்கள். பொதியின் அடிப்பக்கத்தைத் திருப்பித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடதாசி இலேசாக ஈரமாக இருக்கும். ஈரப் பொதியின் வழியே கிருமி உள்ளே போகும், அதனால் அது கிருமி நீக்கியதாகக் கணக்கில் வராது. நாடா கறுத்தால் பொதிக்கு வெளியே சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பொதிக்கு உள்ளே வைக்கும் நிறம் மாறும் அட்டை, கிழமைக்கு ஒருமுறை வித்துப் பரிசோதனை (சூடு தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்ப்பது), ஒவ்வொரு சுமைக்கும் திகதி, நேரம், கையொப்பம் உள்ள பதிவேடு, இவை எல்லாம் சேர்ந்துதான் நம்பிக்கை தரும். இந்த ஒரு பாடத்தை விரலால் தொட்டுப் படித்த பிள்ளை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதை விடாது.

வாடைக் காலத்தையும் மறக்க வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளம் இந்த இரண்டு மாவட்டத்திலும் என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். கம்பிரசர், உறிஞ்சி மோட்டார், மின் இணைப்பு எதையும் தரையில் வைக்காதீர்கள், மேடை கட்டுங்கள். கிளினிக் பயிற்சியை டிசம்பரில் தொடங்கும்படி கால அட்டவணை போடாதீர்கள்.

வகுப்பில் எதை முதலில்

உடற்கூற்றியலை மூன்று மாதம் கரும்பலகையில் நடத்திவிட்டு அப்புறம் கையில் கருவி கொடுப்பது வீண். முதல் கிழமையிலேயே கை கழுவுதல், கையுறை போடுதல், கழற்றுதல். மண்ணிறச் சாயத்தைக் கையுறையில் தடவி, தோலில் படாமல் கழற்றச் சொல்லுங்கள். பட்ட இடத்தை அவர்களே பார்ப்பார்கள்.

அடுத்தது உட்காரும் இடம். நோயாளியின் முகத்தைக் கடிகாரமாக எண்ணி, தலை உச்சியைப் பன்னிரண்டாக வைத்தால், வலக்கைப் பழக்கமுள்ள டொக்டர் ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருப்பார், உதவியாளர் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில். கருவி கைமாறுவது நாலுக்கும் ஏழுக்கும் இடையில், நாடிக்குக் கிட்ட. கண்ணுக்கு மேலால் எந்தக் கருவியும் போகக் கூடாது. உதவியாளரின் கண் டொக்டரின் கண்ணைவிடப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால்தான் முதுகு வளையாமல் வாய்க்குள் பார்க்கலாம். ஸ்டூலின் உயரத்தை மாற்றத் தெரியாத பிள்ளை ஒரு வருடத்தில் இடுப்பு வலியோடு வேலையை விட்டுவிடும்.

பல் இலக்கங்களைச் சொல்லும் முறையை ஆரம்பத்திலேயே பழக்குங்கள். இரண்டு இலக்க முறையில் 21 என்பது மேல் இடப்பக்க முதல் முன்பல். அதை "இரண்டு, ஒன்று" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இடம் மாறி 12 என்று எழுதினால் வேறு பல்லில் கை வைக்கப்படும். டொக்டர் சொன்னதைப் பிள்ளை திரும்பச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு எழுதட்டும்.

பொருட்களைக் கலப்பதில் நம் ஊர் வெக்கையைக் கணக்கில் எடுக்காத புத்தகங்களே அதிகம். பல் அச்செடுக்கும் அல்ஜினேட்டுக்கு இருபது, இருபத்துமூன்று பாகைத் தண்ணீர் என்று எழுதியிருக்கும். இங்கே பகலில் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. கலந்து தட்டில் வைப்பதற்குள் கட்டியாகிவிடும், நோயாளி வாயைத் திறந்தபடி இருப்பார். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைக் கலந்து, வெப்பமானியால் பார்த்துப் பாவியுங்கள். தூள் டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஈரக் காற்று அதைக் கெடுக்கும். ஆனால் இதே புத்தியைப் பல் அடைக்கப் பாவிக்கும் கண்ணாடி அயனோமர் சீமெந்துக்குப் போடக் கூடாது. குளிர்ந்த கண்ணாடிப் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே நம் காற்றில் வியர்த்துவிடும். அந்த நீர்த்துளி கலவையைக் கெடுக்கும். அறையைக் குளிரவைத்து, கடதாசிப் பலகையில் கலப்பது நல்லது.

எக்ஸ்ரே அறையில் சொல்லிக் கொடுக்க வேண்டியது கறாரானது. கதிர் போகும் நேர்கோட்டை விட்டு விலகி, குறைந்தது இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். நோயாளியின் வாயில் படத்தட்டை உதவியாளர் கையால் பிடிக்கவே கூடாது, அது குழந்தையாக இருந்தாலும் சரி.

நோயாளியோடு பேசுவதையும் பாடமாகவே வையுங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் பழக்கம் இங்கே தமிழ், முஸ்லிம் இரண்டு சமூகத்திலும் உண்டு. இலங்கை ஆண்களில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். "வெத்தில போடுறதா?" என்று அதட்டுகிற பிள்ளையிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "அம்மா, வெத்தில போடுறனீங்களா? கன்னத்துக்குள்ள எரிவு ஏதும் இருக்கா? டொக்டரிட்ட காட்டுவம்" என்று கேட்கப் பழக்குங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் டொக்டரிடம் உடனே சொல்வதுதான் உதவியாளர் வேலை. இதனால் ஓர் உயிர் நேரத்தோடு காப்பாற்றப்படலாம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். அம்பாறை நகரத்திலும் சுற்றிலும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிங்களத்திலும் இந்தக் கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக்குக்கு அனுப்பும்போது

பெரும்பாலான டொக்டர்கள் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் இருப்பார்கள். தனியார் கிளினிக் பின்னேரம்தான் சூடுபிடிக்கும். இந்த ஒரு காரணத்தால், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகள் பலர் நடுவில் நின்றுவிடுவார்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏற வேண்டிய பிள்ளை இரவு எட்டு மணிக்குக் களுவாஞ்சிக்குடிக் கிளினிக்கில் நிற்க முடியாது. கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவர்களைப் பின்னேரக் கிளினிக்குக்கும், வாவியைக் கடக்க வேண்டியவர்களைப் பகலில் திறந்திருக்கும் இடங்களுக்கும் பிரியுங்கள். சேர்க்கைப் படிவத்திலேயே கடைசி பஸ் நேரத்தை எழுதி வாங்குங்கள்.

ஒவ்வொரு கிளினிக்கோடும் எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். பொறுப்பாக யார் இருப்பார், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, பிள்ளை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, போக்குவரத்துச் செலவை யார் கொடுப்பார், அறையில் பிள்ளை தனியாக இருக்கும்படி நேராமல் எப்படிப் பார்ப்பது. பெண் பிள்ளைகள் பர்தா அணிபவர்களாக இருந்தால் கைநீளம், தலைமூடி எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சுத்த விதியோடு சேர்த்து முன்னமே பேசுங்கள். முழங்கை வரை கை கழுவ வேண்டிய வேலை இது. தலைமூடியைக் கவுனுக்குள் செருகிக் கட்டுவது, கிளினிக்குக்கென்று தனி உடை வைத்திருப்பது என்று வழிகள் உண்டு. பிள்ளையோடும் வீட்டாரோடும் கலந்து முடிவெடுங்கள். ஏதாவது தொந்தரவு நடந்தால் எந்த நேரமும் எடுக்கக்கூடிய உங்கள் தொலைபேசி இலக்கம் அவர்களிடம் இருக்க வேண்டும். ஒரு முறைப்பாடு வந்தால் பிள்ளையை அன்றைக்கே அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், விசாரணை பிறகு நடக்கட்டும். ஒரு கிளினிக் போனால் போகட்டும்.

ஊசி குத்தினால் என்ன செய்வது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வையுங்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், அமுக்கிப் பிழியக் கூடாது. உடனே பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியது, முந்தினால் நல்லது. எந்த வைத்தியசாலையில் எந்தப் பிரிவுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி, அந்த இடத்தின் பெயரையே எழுதுங்கள். ஊசி மூடியை இரண்டு கையால் பிடித்து மூடுகிற பழக்கம் கிளினிக்கில் இருந்தாலும், நம் பிள்ளைகள் ஒரு கையால் தட்டிலிருந்து கோரி எடுத்தே மூட வேண்டும். கூர்ப்பொருள் பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடி மாற்ற வேண்டும்.

பதிவேட்டை ஒவ்வொரு கிழமையும் நீங்களே பாருங்கள். "உதவி செய்தேன்" என்று நாற்பது வரி எழுதியிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. எந்தச் சிகிச்சை, எந்தத் தட்டு, எந்தப் பொருள் கலந்தது, டொக்டர் என்ன திருத்தினார் என்று இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்

பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கிளினிக்கில் நின்று, எல்லாம் தெரிந்து, ஒரு கடதாசியும் இல்லாத அக்காமார் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமை கொடுக்கும் வழி இருக்கிறது. அவர்களை முதல் வகுப்பிலிருந்து உட்காரவைக்க வேண்டாம். என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, பெரும்பாலும் கிருமிநீக்கமும் பதிவேடும்தான் விடுபட்டிருக்கும், அதை மட்டும் சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்து மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அவர்களில் ஒருவரைப் பயிற்சிநெறியின் ஆலோசனைக் குழுவிலும் போடுங்கள். டொக்டர்கள் கவனிக்காததை அவர்கள் சொல்வார்கள்.

முடித்த பிறகு

சான்றிதழ் கொடுக்கும் கிழமையில் ஒரு வகுப்பை வேலை ஒப்பந்தத்துக்கு ஒதுக்குங்கள். நியமனக் கடிதம் கேட்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளை தெரிந்துகொண்டு போகட்டும். "கையில காசு தாறன், அது போதும்தானே" என்று சொல்லும் இடத்தில் எப்படி மரியாதையாகக் கேட்பது என்று இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்க வையுங்கள். அந்த மூன்று இலக்கங்களையும் கிளினிக் உடன்பாட்டிலேயே ஒரு வரியாகப் போட்டுவிட்டால், முடித்த பிள்ளையை அதே இடத்தில் வேலைக்கு எடுக்கும்போது பேச்சு பாதி முடிந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு பிள்ளைக்கும், அவர்களை வேலைக்கு எடுத்த டொக்டருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுங்கள். டொக்டர் "இது தெரியாது" என்று சொல்வதையும் பிள்ளை "இதை நீங்க சொல்லித் தரல்லயே" என்று சொல்வதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால், அடுத்த அணிக்கான விளம்பரம் போகுமுன் அந்தப் பாடத்தின் மணித்தியாலத்தை மாற்றிவிடுங்கள்.